ஜாக்ராபிட் களஞ்சியத்தில் நெடுவரிசை நிரம்பும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளடக்கத்தை மர வடிவில் சேமிக்கும் ஜாவா மென்பொருளான அப்பாச்சி ஜாக்ராபிட் 2 களஞ்சியத்தை மைஎஸ்கியூஎல், மரியாடிபி, ஆரக்கிள் போன்ற தரவுத்தளங்களின் மேல் ஓட்டுபவர்களுக்காக இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். மர வடிவில் அடுக்கப்பட்ட உள்ளடக்கம், அட்டவணை வடிவில் இயங்கும் தரவுத்தளத்துக்குள் போகும்போது ஏதாவது ஓரிடத்தில் இடம் போதாமல் முட்டிக்கொள்ளும். எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை மைஎஸ்கியூஎல் சார்ந்தவை, ஏனென்றால் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜாக்ராபிட் ஒரு கணுவை எப்படிச் சேமிக்கிறது?

ஒரு கணு (மரத்தின் ஓர் உறுப்பு; கோப்புறையாகவோ கோப்பாகவோ இருக்கலாம்), அதன் பண்புகள், அதன் சேய்க்கணுக்களின் பெயர்ப் பட்டியல் ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே வரிசையில் வைக்கிறது. அந்த மூட்டைக்குப் பண்டில் என்று பெயர். ஒவ்வொரு பணிவெளிக்கும் (களஞ்சியத்துக்குள் இருக்கும் தனி மரம்) நான்கு அட்டவணைகள் உண்டு: மூட்டைகளுக்குப் பண்டில், ஒரு கணுவைச் சுட்டும் குறிப்புகளுக்கு ரெஃப்ஸ், பெரிய இருமத் துண்டுகளுக்குப் பின்வேல், பெயர்களுக்கு எண் கொடுக்க நேம்ஸ்.

தரவுத்தளத்தின் கண்ணுக்கு மூட்டைக்குள் இருப்பது எதுவும் தெரியாது. வெறும் பைட்டுகள்தான் தெரியும். தலைப்பைத் தேடவோ தேதியை வடிகட்டவோ எஸ்கியூஎல் பயன்படாது. அதற்கு லூசீன் தேடல் குறியீடு தனியாக இருக்கிறது. எனவே இங்கே ஸ்கீமாவை, அதாவது அட்டவணைகளின் வரையறையை, தனிப்பயனாக்குவது என்றால் புதிய நெடுவரிசைகளைச் சேர்ப்பது என்று பொருள் இல்லை. இருக்கும் நெடுவரிசைகளின் கொள்ளளவையும், அட்டவணைகளின் பெயர், எழுத்துக்குறி அமைப்பு, வைப்பிடம் ஆகியவற்றையும் தீர்மானிப்பது மட்டும்தான்.

மைஎஸ்கியூஎல்லில் எந்த வகைக்கு எவ்வளவு கொள்ளளவு?

வெறும் பைட்டுகளைச் சேமிக்கும் நெடுவரிசை வகைகளுக்குப் பிளாப் என்று பெயர். டைனிபிளாப் 255 பைட். பிளாப் 65,535 பைட். மீடியம்பிளாப் 1,67,77,215 பைட், அதாவது 16 மெகாபைட்டுக்கு ஒரு பைட் குறைவு. லாங்பிளாப் 4 ஜிகாபைட்டுக்கு ஒரு பைட் குறைவு. இந்த எண்களில் நடு இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

படக் கோப்பைச் சிறியதாக்கிய பிறகும் 'தரவு நீளம் அதிகம்' என்ற பிழை வருகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு நான் பட்ட பாட்டையே பதிலாகச் சொல்கிறேன்.

பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படியெடுத்துச் சேர்க்கும் ஒரு திட்டத்தில் வேலை செய்தேன். ஒரு பத்திரிகைக்கு, அதன் எல்லா இதழ்களுக்கும் சேர்த்து, ஒரே கோப்புறை. அதன் எல்லாப் பக்கங்களும் நேராக அதன்கீழ், பக்கம்-0001, பக்கம்-0002 என்று. ஒரு நாள் ஒரே ஒரு கோப்புறையில் மட்டும் புதிய பக்கம் ஏறவில்லை. பண்டில்_டேட்டா என்ற நெடுவரிசைக்குத் தரவு நீளம் அதிகம் என்று பதிவேட்டில் பிழை விழுந்தது. படம்தான் பெரியது என்று நினைத்து 200 கிலோபைட் படத்தை 50 ஆக்கினோம். ஏறவில்லை. 10 ஆக்கினோம். ஏறவில்லை. கடைசியில் படமே இல்லாத வெற்றுக் கணுவைச் சேர்த்துப் பார்த்தேன். அதுவும் ஏறவில்லை!

அப்போதுதான் புரிந்தது. நிரம்பியிருந்தது புதிய பக்கத்தின் வரிசை இல்லை, தாய்க்கணுவின் வரிசை. புதிதாக ஒரு சேய் பிறக்கும்போது, அதன் பெயரும் 16 பைட் அடையாள எண்ணும் தாயின் மூட்டைக்குள் போய்ச் சேர வேண்டும். 'பக்கம்-0001' என்ற பெயரின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். 'பக்கம்' என்பது கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் மெய்ப்புள்ளிகளையும் சேர்த்து ஆறு குறிகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. இடைக்கோடும் நான்கு இலக்கங்களும் 5. மொத்தம் 23 பைட். அடையாள எண்ணின் 16 பைட்டும் சில்லறைக் குறிகளும் சேர்ந்தால் ஒரு சேய்க்கு 40 பைட்டுக்குச் சற்று மேல். 65,535ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 1,500 சேய்கள். எங்கள் கோப்புறை அந்த எல்லையில்தான் நின்றிருந்தது.

அந்த நெடுவரிசை ஏன் வெறும் பிளாப்பாக இருந்தது? எங்கள் அட்டவணைகள் வேறொரு தரவுத்தளத்திலிருந்து மாற்றுக் கருவி ஒன்றின் வழியாக வந்தவை. கருவி பிளாப் என்ற சொல்லைப் பார்த்ததும் அதே சொல்லை இங்கேயும் எழுதிவிட்டது. சொல் ஒன்று, கொள்ளளவு வேறு. உங்கள் அட்டவணைகளும் இப்படி இடம்பெயர்ந்தவை என்றால், இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்கும் முன் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

நிரம்பப் போவதை முன்கூட்டியே கண்டறிய முடியுமா?

முடியும். பண்டில் அட்டவணையில் லெங்த் சார்பைப் பயன்படுத்தி மூட்டைகளின் நீளத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, முதல் 20 வரிசைகளை எடுங்கள். கூடவே கணு எண்ணை ஹெக்ஸ் சார்பால் படிக்கக்கூடியதாக்குங்கள். கிடைக்கும் 32 இலக்கங்களை உரிய இடங்களில் கோடிட்டுப் பிரித்தால் கணுவின் அடையாளம் தயார். அதை ஜேசிஆரில் (களஞ்சியத்தை அணுகும் ஜாவா இடைமுகம்) கொடுத்தால் கணுவின் பாதை கிடைக்கும்.

பெரிய அட்டவணையில் இந்த எஸ்கியூஎல் வினவல் முழு அட்டவணையையும் படிக்கும். இரவில் ஓட்டுங்கள், அல்லது காப்புப் பிரதியில் ஓட்டுங்கள்.

நீளம் 65,535 அல்லது 1,67,77,215 என்று அச்சொட்டாக ஒரு வரிசை வந்தால் உடனே எழுந்து உட்காருங்கள். இயல்பாக வளரும் மூட்டை அந்த எண்ணில் வந்து நிற்பது அரிது. பெரும்பாலும் அது வெட்டுப்பட்ட மூட்டை.

வெட்டுப்படுமா? பிழைதானே வர வேண்டும்?

கண்டிப்பு முறை (அளவு மீறிய தரவை ஏற்க மறுக்கும் தரவுத்தள அமைப்பு) இயங்கினால் பிழை வரும், சேமிப்பு நடக்காது. மைஎஸ்கியூஎல் 5.7 முதல் கண்டிப்பு முறைதான் இயல்பு. ஜாவா இணைப்பு நிரலும் வழக்கமாக அதைத் தானே இயக்கிவிடும். ஆனால் பழைய செயலி ஒன்றின் வசதிக்காக யாராவது இரண்டையும் அணைத்து வைத்திருந்தால், தரவுத்தளம் மிஞ்சிய பைட்டுகளை நறுக்கிவிட்டு ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. அடுத்த முறை அந்தக் கணுவை நினைவகத்துக்குப் படிக்கும்போதுதான் மூட்டை பாதியில் முடிந்துவிட்டது என்று ஜாக்ராபிட் திணறும். அது சில மாதங்கள் கழித்தும் நடக்கலாம்.

கண்டிப்பு முறையை அணைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

வெட்டுப்பட்ட மூட்டையை மீட்க முடியுமா?

நறுக்கப்பட்ட பைட்டுகள் போனவைதான். காப்புப் பிரதியிலிருந்து அந்த வரிசையை எடுத்து வைக்க வேண்டும். ஜாக்ராபிட்டின் முரண் சரிபார்ப்பு வசதி தாய்–சேய்ப் பட்டியலில் உள்ள பொருத்தமின்மைகளைச் சீர்செய்யும். காணாமல்போன உள்ளடக்கத்தைக் கொண்டுவராது. திருத்தும் விருப்பத்தோடு அதை ஓட்டும் முன் முழுக் காப்பு எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் லாங்பிளாப் ஆக்கிவிட்டால் இடம் வீணாகாதா?

ஆகாது. பிளாப் வகைகள் தரவு எவ்வளவோ அவ்வளவுதான் இடம் எடுக்கும். நீளத்தைக் குறிக்க பிளாப்புக்கு 2 பைட், லாங்பிளாப்புக்கு 4 பைட் என்பது மைஎஸ்கியூஎல் தரும் கணக்கு. பத்து லட்சம் கணுக்கள் இருந்தால் கூடுதல் செலவு 20 லட்சம் பைட். ஒரு நல்ல ஒளிப்படத்தின் அளவு. பண்டில், ரெஃப்ஸ், பின்வேல் மூன்றுக்கும் தயங்காமல் லாங்பிளாப் கொடுங்கள்.

ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். 10 மெகாபைட் மூட்டை ஒன்று இருந்தால், அந்தக் கணுவில் ஒரு சிறு பண்பை மாற்றினாலும் 10 மெகாபைட்டையும் திரும்ப எழுத வேண்டும். மூட்டைகளுக்கான நினைவகத் தேக்கத்தின் இயல்பு அளவு 8 மெகாபைட்தான்; அந்த மூட்டை அதற்குள் அடங்கவே அடங்காது. நெடுவரிசையை அகலமாக்குவது முதலுதவி. மூட்டை ஏன் அவ்வளவு பருத்தது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் களஞ்சியத்தில் நெடுவரிசையை எப்படி மாற்றுவது?

களஞ்சியத்தை நிறுத்துங்கள். பல சேவையகங்கள் ஒரே களஞ்சியத்தைப் பகிரும் கூட்டமைப்பாக ஓடினால் எல்லா முனைகளையும் நிறுத்துங்கள். காப்பு எடுங்கள். பிறகு ஆல்டர் டேபிள் கட்டளையில் மாடிஃபை கொண்டு வகையை மாற்றுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மாடிஃபை என்பது நெடுவரிசையின் வரையறையை முழுவதுமாகத் திரும்ப எழுதும் கட்டளை. முன்பு 'நாட் நல்' என்று இருந்தால், இப்போதும் அதை எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தக் கட்டுப்பாடு ஓசையின்றிப் போய்விடும். கட்டளையை எழுதும் முன் ஷோ கிரியேட் டேபிள் வெளியீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வகையை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே படியெடுங்கள்.

வகை மாற்றம் அட்டவணை முழுவதையும் மறுபடி கட்டும். 40 ஜிகாபைட் அட்டவணைக்கு ஏறக்குறைய இன்னொரு 40 ஜிகாபைட் வட்டிடம் தேவை. பாதி வழியில் வட்டு நிரம்பி நின்றுபோன இரவை யாரும் விரும்ப மாட்டார்கள்.

பதிப்பு வரலாற்றுக்கும் தனி அட்டவணைகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். பணிவெளியை மட்டும் சரிசெய்துவிட்டு, பதிப்பு அட்டவணைகளை அப்படியே விட்டால், கணுவைச் சேமிக்க முடியும், பதிப்பாகப் பதிய முடியாது என்ற விசித்திர நிலை வரும்.

புதிய களஞ்சியத்தை என் சொந்த ஸ்கீமாவுடன் தொடங்கலாமா?

தொடங்கலாம். முதல் முறை இயங்கும்போது அட்டவணை இருக்கிறதா என்று ஜாக்ராபிட் பார்க்கும். இல்லாவிட்டால், அந்தத் தரவுத்தளத்துக்கென ஜார் கோப்புக்குள் வைத்திருக்கும் டிடிஎல் கோப்பை (அட்டவணைகளை உருவாக்கும் கட்டளைகளின் தொகுப்பு) ஓட்டி உருவாக்கும். ஆகவே எளிய வழி: அந்த டிடிஎல் கோப்பை வெளியே எடுத்து, முன்னொட்டு வரும் இடங்களை நிரப்பி, வேண்டிய வகைகளையும் வைப்பிடங்களையும் எழுதி, நீங்களே முன்கூட்டி அட்டவணைகளை உருவாக்கிவிடுவது.

ஒன்று செய்தால் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பண்டில் அட்டவணை இருப்பதைப் பார்த்ததும் மற்றவையும் இருப்பதாக ஜாக்ராபிட் எடுத்துக்கொள்ளும். நெடுவரிசைகளின் வகையையும் அது சோதிக்காது. நீங்கள் தவறுதலாகச் சிறிய வகை கொடுத்திருந்தால், நிரம்பும் நாள் வரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரெப்பாசிட்டரி.எக்ஸ்எம்எல் கோப்பை மாற்றினேன். பழைய பணிவெளியில் எதுவும் மாறவில்லையே?

மாறாது. அந்தக் கோப்பில் இருக்கும் பணிவெளிப் பகுதி ஒரு அச்சு மட்டுமே. பணிவெளி பிறக்கும்போது அதிலிருந்து ஒரு படி எடுத்து வொர்க்ஸ்பேஸ்.எக்ஸ்எம்எல் என்று அதன் கோப்புறையில் வைக்கப்படும். அதன்பின் அந்தப் பணிவெளிக்கு அந்தப் படிதான் சட்டம். அதைத் திருத்துங்கள்.

நெடுவரிசை லாங்பிளாப்தான். இருந்தும் பெரிய கோப்பு ஏறவில்லை.

அப்படியென்றால் தடுப்பது ஸ்கீமா இல்லை. ஒரே முறையில் அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவைக் குறிக்கும் மேக்ஸ்_அலவுட்_பாக்கெட் என்ற அமைப்பைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல் 5.6, 5.7 பதிப்புகளில் சேவையகத்தின் இயல்பு மதிப்பு 4 மெகாபைட், 8.0இல் 64 மெகாபைட். எவ்வளவு உயர்த்தினாலும் 1 ஜிகாபைட்டைத் தாண்டாது. லாங்பிளாப்பின் 4 ஜிகாபைட் காகிதத்தில் இருக்கும் எண். ஒரே கட்டளையில் அதை எட்ட முடியாது.

5.6 வரிசையின் பிற்காலப் பதிப்புகளை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சுவர் உண்டு. ஒரு பிளாப்பின் அளவு, மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் மீட்புப் பதிவுக் கோப்புகளின் மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இயல்பாக 48 மெகாபைட் கோப்புகள் இரண்டு, ஆக 96. பத்தில் ஒரு பங்கு 10 மெகாபைட்டுக்கும் குறைவு. ஸ்கீமாவைக் குறைசொல்லி நாட்களை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய கோப்புகளைத் தரவுத்தளத்தில் வைப்பது சரிதானா?

என் பதில்: வேண்டாம். 2008இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து ஜாக்ராபிட்டில் டேட்டா ஸ்டோர் இருக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்துக்குக் கைரேகை, அதாவது ஹாஷ் மதிப்பு, கணக்கிட்டு (முன்பு எஸ்எச்ஏ-1, பிற்காலப் பதிப்புகளில் எஸ்எச்ஏ-256), அதையே பெயராக வைத்துச் சேமிக்கும். அதே கோப்பை நூறு இடங்களில் ஏற்றினாலும் ஒரே படிதான் இருக்கும். மூட்டையில் அந்தக் கைரேகை மட்டும் தங்கும். வட்டில் கோப்புகளாக வைக்கும் வகையும், தரவுத்தளத்தில் வைக்கும் வகையும் உண்டு. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள், கூட்டமைப்பு என்றால் எல்லா முனைகளும் பார்க்கும் பொதுக் கோப்புறையில் வையுங்கள்.

இயல்பாக 100 பைட்டுக்குக் குறைந்தவை மூட்டையிலேயே தங்கும். அந்த எல்லையை மாற்றிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் உருவாவது பிடிக்கவில்லை என்றால் சில ஆயிரம் பைட்டுகளுக்கு உயர்த்துங்கள்.

இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, டேட்டா ஸ்டோரை இயக்கியதும் பின்வேல் அட்டவணையில் ஏற்கெனவே இருப்பவை தானாக இடம்பெயராது. புதிய அமைப்பில் வெற்றுக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கி, ரெப்பாசிட்டரி காப்பியர் கருவியால் பழையதை அதற்குள் நகலெடுப்பதே நேர்வழி. இரண்டு, டேட்டா ஸ்டோருக்குப் போவது இரும வகைப் பண்புகள் மட்டும். சரம் வகைப் பண்பு எவ்வளவு நீளமானாலும் மூட்டைக்குள்தான் கிடக்கும். ஒரு முழு நாவலின் உரையைச் சரமாக வைத்துவிட்டு, டேட்டா ஸ்டோர் இருந்தும் மூட்டை பருக்கிறதே என்று கேட்பவர்கள் அதை இரும வகைக்கு மாற்ற வேண்டும்.

ரெஃப்ஸ் அட்டவணை ஏன் நிரம்புகிறது?

ஒரு கணுவைச் சுட்டும் எல்லாக் குறிப்புகளும் ஒரே வரிசையில் சேர்வதால். 'ஆசிரியர்' கணு ஒன்றை ஆயிரக்கணக்கான கட்டுரைகள் சுட்டினால், அத்தனையும் அந்த ஆசிரியரின் வரிசைக்குள் குவியும். ஒவ்வொரு குறிப்பும் அடையாள எண்ணின் 36 எழுத்து வடிவத்தோடு பண்பின் பெயரையும் சுமக்கிறது. வெறும் பிளாப் என்றால் 1,700 குறிப்புகளுக்கு முன்பே நிரம்பிவிடும். அகலமாக்கினாலும், புதிய கட்டுரை ஒவ்வொன்றுக்கும் அந்த வரிசை முழுவதும் திரும்ப எழுதப்படும்.

ஜேசிஆர் 2.0 தரும் வலுவற்ற குறிப்பு வகைக்கு மாறுங்கள். அது ரெஃப்ஸில் பதியப்படாது. சுட்டப்படும் கணுவை அழிப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு போய்விடும். அதை உங்கள் நிரல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆரக்கிளில் கவனிக்க வேண்டியது என்ன?

பெயர்களின் நீளம். 12.2 பதிப்புக்கு முன் அட்டவணை, குறியீட்டுப் பெயர்களுக்கு 30 பைட்தான் அனுமதி. பணிவெளியின் பெயர் முன்னொட்டாகச் சேர்கிறது. அனுமதியில்லாத எழுத்து ஒவ்வொன்றையும் ஜாக்ராபிட் ஏழு எழுத்து மாற்றுவடிவமாக விரிக்கும். பணிவெளிப் பெயரில் இரண்டு இடைக்கோடுகள் வைத்தாலே 14 இடம் போய்விட்டது. பணிவெளிக்குச் சிறிய ரோமன் எழுத்துப் பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயரைக் கணுவின் தலைப்புப் பண்பில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: இயல்பான அமைப்பில் ஆரக்கிளின் வார்கேர்2 255 என்பது 255 பைட். தமிழில் அது 85 குறிகள். கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக இன்னும் குறைவு. மைஎஸ்கியூஎல்லின் வார்கேர் 255 குறிகளை எண்ணும், பைட்டுகளை அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம்பெயரும்போது இந்த வேறுபாட்டில் கால் இடறும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்?

பைட்டியா வகைக்கு 1 ஜிகாபைட் வரை கொள்ளளவு. நெடுவரிசை அகலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கூட்டமைப்பின் ஜர்னல் அட்டவணையும் நிரம்புமா?

நிரம்பும். முனைகள் ஒன்றுக்கொன்று மாற்றங்களைத் தெரிவித்துக்கொள்ளும் அட்டவணை அது. ஒரு முறை சேமித்தால் ஒரு பதிவு. ஒரு லட்சம் கணுக்களை இறக்குமதி செய்துவிட்டு ஒரே முறை சேமித்தால், அத்தனை மாற்றமும் ஒரே வரிசைக்குள் திணிக்கப்படும். ஆயிரம் கணுக்களுக்கு ஒரு முறை சேமியுங்கள். பழைய பதிவுகளைத் துடைக்கும் ஜானிட்டர் இயல்பாக அணைந்தே இருக்கும், அதையும் இயக்குங்கள்.

ஓக் களஞ்சியத்துக்கு மாறினால் இந்த எல்லைகள் போய்விடுமா?

சில போகும், சில புதிதாக வரும். ஜாக்ராபிட் 2இன் வாரிசாக 2014இல் 1.0 பதிப்பு கண்ட ஜாக்ராபிட் ஓக், தரவுத்தளத்தில் சேமிக்கும்போது கணுவின் ஆழத்தையும் பாதையையும் சேர்த்தே முதன்மைச் சாவியாக வைக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் அந்த நெடுவரிசைக்கு 512 பைட். மிக நீளமான பாதைகளைக் கைரேகையாகச் சுருக்கிவிடும் என்றாலும் தமிழ்ப் பெயர்கள் அந்த எல்லையை விரைவில் தொடும்: 'கட்டுரைகள்' என்ற ஒரு சொல் மட்டும் 30 பைட். மோங்கோடிபி மேல் ஓட்டினால் ஓர் ஆவணத்துக்கு 16 மெகாபைட் எல்லை இருக்கிறது.

சேய்க்கணுக்களின் பட்டியல் தாயின் மூட்டையைப் பருக்கவைக்கும் சிக்கல் ஓக்கில் பெருமளவு தீர்கிறது. ஆனால் வரிசை மாறாமல் காக்கும் கணு வகையைப் பயன்படுத்தினால், சேய்களின் பெயர் வரிசை திரும்பவும் தாயிடமே போய்ச் சேரும். வரிசை தேவையில்லாத இடங்களில் ஓக்கின் வரிசையற்ற வகையைக் கொடுங்கள்.

எங்கள் கோப்புறையை எப்படிப் பிரிப்பது?

ஜாக்ராபிட் 2இல் ஒரு கணுவுக்குக் கீழ் பத்தாயிரம் சேய்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மேல்எல்லை. நான் ஆயிரத்திலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

பிரிப்பு உங்கள் உள்ளடக்கத்திலிருந்தே வர வேண்டும். நாளேடு என்றால் ஆண்டு, மாதம், நாள். பயனர் கணக்குகள் என்றால் பெயரின் கைரேகையில் முதல் இரண்டு இலக்கம், பிறகு அடுத்த இரண்டு. 256 கோப்புறைகளுக்குள் 256, ஆக 65,536 இடங்கள் கிடைக்கும். பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். தமிழ்ப் பெயர்களில் 'ச', 'ம', 'க' வழிந்து ஓடும். 'ஞ' காலியாகக் கிடக்கும்.

எங்கள் இதழ்க் கோப்புறையை நாங்கள் மலர், இதழ் எண் என்ற இரண்டு அடுக்காகப் பிரித்தோம். அச்சிட்டவர்கள் அட்டையிலேயே அந்தப் பிரிவைக் கொடுத்திருந்தார்கள்: மலர் 3, இதழ் 7. பக்கங்களைப் புதிய இடத்துக்கு நகர்த்தும் நிரல் நூறு நூறாகச் சேமித்தபடி ஓர் இரவு முழுக்க ஓடியது. காலையில் மூட்டைகளின் நீளத்தைப் பார்க்கும் அதே வினவலைத் திரும்ப ஓட்டினேன். மிகப் பெரிய மூட்டை 9,000 பைட்டுக்குள் இருந்தது.